பூ வேனில் ஏறாதவள்

எழுமலையிலிருந்து மதுரைக்குப் போகும் காலைப் பேருந்தில் தமிழ்வாணிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் கொஞ்சம் யோசித்து உட்கார வேண்டும். உசிலம்பட்டி வருவதற்குள் அவள் உங்களை நேர்காணல் செய்து முடித்திருப்பாள்.

"அக்கா, நீங்க இந்தத் தொழிலை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

கேள்வி முருகம்மாளுக்கு. கத்தரிக்காய் மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்.

"நான் எங்கத்தா தேர்ந்தெடுத்தேன். காடு கெடந்துச்சு, போட்டேன். வெளஞ்சுச்சு, கொண்டு போறேன்."

"சரி, உங்க பலவீனம் என்ன?"

"முட்டி."

முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நடத்துநர் தவசி பையைக் குலுக்கியபடி வந்தார். "ஏத்தா வாணி, ஆள் எடுக்குறதெல்லாம் அப்புறம். மொதல்ல டிக்கெட்ட எடு."

பி.காம். முடித்து, வேலை தேடி மதுரைக்குப் போய்வரும் பெண் இப்படி ஊரையே கேள்வி கேட்டுக்கொண்டு திரிவதற்குக் காரணம் இருந்தது. படிப்பை முடித்த புதிதில் அவளும் எல்லோரையும்போலப் பதில்களைத்தான் மனப்பாடம் செய்தாள். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார், அம்மா அழகம்மாள் மாடு வைத்திருக்கிறார், என் பலம் கடின உழைப்பு, என் பலவீனம் வேலையை முடிக்காமல் தூங்க மாட்டேன் என்பது. போன இடத்திலெல்லாம் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று பட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கும் ஏதோ ஒரு பயம் இருக்கிறது. இந்தப் பிள்ளை பாதியில் ஓடிவிடுமோ, கூட்டத்தில் சண்டை போடுமோ, சொன்னதைச் செய்யாதோ. அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டால் பதில் தானாக வரும் என்று அவள் முடிவு செய்தாள். அதற்குக் கேள்வி கேட்கிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து பழக வேண்டும். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தப் பேருந்து நேர்காணல்.

மாலையில் இதே வேலை தல்லாகுளத்தில் நடந்தது. நீதிமன்றம் இருக்கும் பக்கத்தில் சேக் இஸ்மாயில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் வழக்கு நகல் எடுக்க வருகிறவர்கள் நெருக்கியடிக்கிற பெஞ்சு ஐந்து மணிக்கு மேல் காலியாகிவிடும். அவருடைய மகன் சிராஜ், முனிச்சாலைச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் வித்யாஸ்ரீ, தமிழ்வாணி மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த பெஞ்சில் ஒருவர் வேலை தேடுகிறவராகவும் மற்ற இருவர் அதிகாரிகளாகவும் மாறிமாறி உட்கார்ந்தார்கள். ஒரு வாக்கியத்தில் இரண்டு முறை 'ஆக்சுவலா' சொன்னவர் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். பெரும்பாலும் சிராஜ்தான் போனான்.

கல்லாவில் இருந்தபடி சேக் இஸ்மாயில் நிர்வாக இயக்குநராக நடிப்பார். "ஏம்மா, நாளைக்கே கல்யாணம் ஆயிருச்சுன்னா வேலைய விட்டுருவியா?"

"இத சிராஜுகிட்டயும் கேப்பீங்களா அங்கிள்?" என்பாள் வாணி.

"அவனுக்கு எவ வரப்போறா. அந்தப் பயம் எனக்கு இல்ல."

"அத்தா, கம்பெனி ஆளுங்க இப்படியெல்லாம் பேச மாட்டாங்க" என்பான் சிராஜ்.

"நான் பேசுவேன். என் கம்பெனி."

தமிழ்வாணி அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தால் மற்ற இருவருக்கும் வியர்த்துவிடும். பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். அந்த மௌனம் தாங்காமல் சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லிவிடுவார்கள். "இப்பச் சொன்னதுதான் நெசம். இதுக்கு முன்னாடி சொன்னது மனப்பாடம்" என்று அவள் சிரிப்பாள். வித்யாஸ்ரீ பதறினால் பாதி வாக்கியம் வீட்டு மொழிக்குப் போய்விடும். அந்த இடத்தைக் கவனித்து, "மூச்ச விட்டுட்டுப் பேசு" என்று விரலால் மேசையைத் தட்டச் சொல்லிக்கொடுத்தவளும் வாணிதான்.

மூன்று பேருக்கும் எல்லாமே பொதுவாக இருந்தன. கோட்டு ஒன்று. வித்யாஸ்ரீயின் அக்கா கல்லூரியில் போட்டது, பெண்கள் இருவரும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். நல்ல தோல் ஃபைல் ஒன்று, யாருக்கு நேர்காணலோ அவர் கையில் இருக்கும். அதேபோல நல்ல பதில்களையும் பொதுவில் வைத்தார்கள். ஒருவர் அழகாகச் சொன்னால் மற்றவர்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போகும்வரை அதில் ஒரு குழப்பமும் வரவில்லை.

அப்படிப் பொதுவானதுதான் பூ வேன் கதை.

நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் முன்னின்று ஒரு பிரச்சினையைச் சமாளித்த சம்பவம் சொல்லுங்கள். தமிழ்வாணியிடம் அதற்குச் சரியான சம்பவம் இருந்தது. கடைசி வருடம், பருவத் தேர்வு நாள். உசிலம்பட்டி வழியாக வந்த பேருந்து கருமாத்தூர் அருகே அச்சு முறிந்து நின்றுவிட்டது. உள்ளே பல கல்லூரிப் பிள்ளைகள், எல்லோருக்கும் தேர்வு. வாணி இறங்கிச் சாலை நடுவில் நின்று, மல்லிகை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போன வேனை மறித்தாள். மூட்டைமேல் உட்காரக் கூடாது, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள் என்று ஓட்டுநர் சொன்னார். அவரவர் கல்லூரி வாசலில் இறங்கி, பூ வாசத்தோடு தேர்வு எழுதினார்கள்.

அவள் சொல்கிற கதை அங்கே முடிந்துவிடும். நடந்தது அங்கே முடியவில்லை. வேனில் எல்லோருக்கும் இடம் இல்லை. வாணி ஏறவில்லை. பின்னால் வந்த டிராக்டரில் நாகமலை வரைக்கும், அங்கிருந்து வேறு பேருந்திலும் போய்ச் சேர்ந்தபோது தேர்வறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தப் பாடத்தில் அரியர் விழுந்தது. அடுத்த பருவத்தில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஆனாலும் மதிப்பெண் பட்டியலில் அந்த 'ஆப்சென்ட்' அப்படியே உட்கார்ந்திருந்தது.

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுக்க வந்தவர், குறையை ஒருபோதும் நிறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். அவளும் ஒரே நாளை இரண்டாக வெட்டிவிட்டாள். முன்னின்று செய்த சம்பவம் என்று கேட்டால் பூ வேன். அரியர் ஏன் என்று கேட்டால் காய்ச்சல். சிராஜுக்கும் வித்யாஸ்ரீக்கும்கூடக் காய்ச்சல்தான் தெரியும்; பூ வேன் வந்தது வேறொரு தேர்வு நாள் என்று நினைத்திருந்தார்கள். முழுதாக அறிந்த ஒரே ஆள் அன்றைக்கு அந்தப் பேருந்தில் நடத்துநராக இருந்த தவசி. "அன்னைக்கு நீ ஏறியிருக்கணும்த்தா" என்று அவர் அவ்வப்போது சொல்வார். "விடுங்கண்ணே" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வேலை கிடைக்காமல் ஒரு வருடம் ஓடியது. இனி நிறுவனங்கள் அடுத்து முடித்தவர்களைத்தான் எடுக்கும், அவளுடைய வருடத்தைப் 'பழைய பேட்ச்' என்று தள்ளிவிடும். சித்தப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சொல்லி வைத்திருந்தார், திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி. அதற்கு முன் வந்த கடைசி வாய்ப்பு, சரக்கு லாரிகளை ஒருங்கிணைக்கும் நிறுவனம் ஒன்று தன் மதுரை அலுவலகத்துக்கு ஆள் எடுத்த முகாம். அவளுடைய வருடத்துக்காரர்களும் வரலாம் என்று போட்டிருந்தார்கள். உள்ளூரில் இருந்துகொண்டு, படித்த படிப்புக்கான வேலை. வியாழக்கிழமை முகாமில் அது கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் பேருந்து.

மூன்று பேரும் விண்ணப்பித்திருந்தார்கள். முதல்முறையாக ஒரே இடத்துக்கு.

"பூ வேன் உன்னோடது. நாங்க தொட மாட்டோம்" என்று புதன்கிழமை வித்யாஸ்ரீ சொன்னாள். "சத்தியமா" என்றான் சிராஜ்.

முகாம் தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் விசேஷத்தின் அலங்கார வளைவு வாசலில் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றது. மணமேடையில் பெயர் பதிவு. மணமகள் அறையில் நேர்காணல். வரிசையில் நின்ற பையன்கள், "பொண்ணுக்குப் புடிச்சாத்தான் வேலையாம் மாப்ள" என்று பேசிச் சிரித்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் விடியலிலேயே வந்து டோக்கன் வாங்கிவிட்டார்கள். எழுமலைப் பேருந்து வந்து சேர்வதற்குள் சிராஜும் வித்யாஸ்ரீயும் வரிசையில் வெகுதூரம் முன்னால் போயிருந்தார்கள்.

சிராஜ் முதலில் போனான். வெளியே வந்தவன் வாணியின் பக்கம் பார்க்காமல், "ஜூஸ் வாங்கியாரேன்" என்று தெருவில் இறங்கிப் போய்விட்டான். பிறகு வித்யாஸ்ரீ. அவள் வெளியே வரும்போது முகம் வெளிறியிருந்தது. கோட்டைக் கழற்றி வாணியிடம் நீட்டியவள், "வாணி, ஒண்ணு சொல்லணும், நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து வாணியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மணமகள் அறையின் பெரிய நிலைக்கண்ணாடிக்கு முன்னால் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரவிசங்கர் போக்குவரத்துப் பிரிவின் மேலாளர். வசுந்தரா ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்கு நடுவில் தன் முகமும் தெரிந்தது வாணிக்கு. கேள்விகள் ஆங்கிலத்தில் தொடங்கின. தொழில் பற்றி, கணக்கு பற்றி, மதுரைச் சாலைகள் பற்றி. எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"ஒருநாள் எங்க பஸ் கருமாத்தூர் பக்கத்துல..." என்று அவள் தொடங்கியதும் ரவிசங்கர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பூ வேன்" என்றார் தமிழில். "மூட்டை மேல உக்காரக் கூடாது. மடியில வச்சுக்கணும். எக்ஸாம் ஹால் பூரா மல்லிகப்பூ வாசம். சரியா?"

வாணி கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள்.

"காலையிலருந்து இது மூணாவது வேன்மா. அந்த வண்டியில எத்தன பேர்தான் போனீங்க?"

வசுந்தரா சிரிக்கவில்லை. அவர் கையில் வாணியின் மதிப்பெண் பட்டியல் இருந்தது. கட்டைவிரல் 'ஆப்சென்ட்' என்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

வெளியே ஏன் இருவரும் அப்படி வந்தார்கள் என்று இப்போது புரிந்தது. அது என் கதை என்று சொன்னால் அவர்கள் இரண்டு பேரும் திருடர்கள். வேறு கதை சொல்லலாம் என்றால் வேறு கதை இல்லை. பெஞ்சில் தான் பழக்கிய மௌனம் இப்போது தன்னை நோக்கித் திரும்பியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த மௌனத்தில் என்ன வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். மனப்பாடம் தீர்ந்த பிறகு வருவது.

"சார், அந்த வேன்ல நான் ஏறல."

ரவிசங்கர் நிமிர்ந்தார். "ஏறலையா?"

"எடம் இல்ல சார். இன்னும் ஒரு ஆள் ஏறுனா பூ நசுங்கிரும்னு டிரைவர் அண்ணே சொல்லிட்டாரு. யாரு ஏறணும்னு நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். சொல்றவளே மொத ஆளா ஏறி உக்காந்துட்டா, மிச்ச ஆளுங்க எப்படி சார் கேப்பாங்க?"

"யாரு ஏறணும்னு எப்படி முடிவு பண்ணின?"

"லேட்டா போனாலும் எந்தக் காலேஜ்ல உள்ள விடுவாங்க, எதுல விட மாட்டாங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். விடாத எடத்துப் பிள்ளைகள மொதல்ல ஏத்துனேன். எங்க காலேஜ்ல கெஞ்சினா விட்டுருவாங்கன்னு நெனச்சேன். அது மட்டும் தப்பாப் போச்சு."

வசுந்தரா பட்டியலைத் திருப்பி மேசையில் வைத்தார். "இந்த அரியர் அந்த நாளா?"

"ஆமா மேடம்."

"இதுவரைக்கும் இதுக்கு என்ன காரணம் சொல்லிக்கிட்டு இருந்த?"

"காய்ச்சல்னு சொல்வேன்."

"எங்கெல்லாம்?"

"போன எடத்துல பூரா."

இந்த முறை ரவிசங்கர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் விடவில்லை. கப்பலூரில் ஒரு லாரிதான் நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சரக்கும் பெரிய வாடிக்கையாளரின் சரக்கும் சேர்ந்து வந்துவிட்டன, என்ன செய்வாய் என்று கேட்டார். எது எத்தனை நேரம் தாங்கும் என்று இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்பேன், காக்க வைக்கிற ஆளுக்கு நானே முதலில் போன் பண்ணிச் சொல்லிவிடுவேன் என்றாள். "கேக்காம முடிவு பண்ணி ஒரு தடவ அனுபவிச்சாச்சு சார்."

வசுந்தரா சாய்ந்து உட்கார்ந்தார். "முன்னாடி வந்த ரெண்டு பேரும் உன் ஃபிரண்ட்ஸா?"

"ஆமா மேடம்."

"கதைய நீ குடுத்தியா, அவங்களா எடுத்துக்கிட்டாங்களா?"

வாணி போட்டிருந்த கோட்டின் கையைப் பார்த்தாள். "இந்தக் கோட்ட வித்யாஸ்ரீ இப்பத்தான் கழட்டிக் குடுத்தா மேடம். ஃபைலும் மூணு பேருக்கும் ஒண்ணுதான். எல்லாத்தையும் மாத்தி மாத்தித்தான் வச்சுக்குவோம். இதையும் அப்படியே வச்சுக்கிட்டோம். பயத்துல வாய்ல வந்திருக்கும்." பிறகு நிமிர்ந்தாள். "அவங்களுக்குச் சொந்தக் கதை இருக்கு மேடம். அதெல்லாம் ஒரு கதையான்னு நெனச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டாங்க. சிராஜுகிட்ட, வழக்குத் தாக்கல் பண்ற கடைசி நாள்ல ஜெராக்ஸ் மெஷின் நின்னப்ப என்ன செஞ்சான்னு கேளுங்க. வித்யாஸ்ரீகிட்ட, அவங்க தெருவுல சித்திரைத் திருவிழா தண்ணிப் பந்தல்ல கூட்டத்த எப்படிச் சமாளிச்சான்னு கேளுங்க. கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருங்க. அப்பத்தான் சொல்லுவாங்க."

ரவிசங்கர் வசுந்தராவைப் பார்த்தார். "மேடம், இந்தப் பொண்ணு உங்க வேலைக்கு வந்திருக்கா, என் வேலைக்கா?"

அவள் வெளியே வந்தபோது சிராஜ் ஜூஸ் டம்ளர்களோடு அலங்கார வளைவின் கீழ் நின்றிருந்தான். வித்யாஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாணி, அடிக்கிறதுன்னா அடிச்சிரு" என்றான் சிராஜ். "ஆனா இங்க வேணாம். பொண்ணு வீட்டுக்காரங்க பாக்குறாங்க."

"அத அப்புறம் பாக்கலாம். உன்னத் திரும்பக் கூப்புடுவாங்க. மெஷின் கதையச் சொல்லு."

"ஜெராக்ஸ் கடையில நடந்ததெல்லாம் ஒரு கதையா?"

"கட்டுக் கட்டா வக்கீல் ஃபைல ஸ்கூட்டர்ல வச்சு வேற கடைக்கு ஓடி, ஒரு பக்கம் மாறாம திருப்பிக் குடுத்த. அது கதை இல்லையா? ஆக்சுவலான்னு மட்டும் சொல்லாத."

கூப்பிட்டார்கள். முதலில் சிராஜை, பிறகு வித்யாஸ்ரீயை. வித்யாஸ்ரீ கோட்டைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை மாலைவரை ஒரு தகவலும் வரவில்லை. வீட்டில் அழகம்மாள் திருப்பூருக்குப் பை கட்டி வைத்துவிட்டார். ஜெராக்ஸ் கடையில் இருந்த தன் சான்றிதழ் நகல்களை வாங்கிக்கொண்டு வாணி எழுமலைப் பேருந்தில் ஏறினாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. சந்தை முடிந்து உசிலம்பட்டியில் ஏறிய முருகம்மாள் காலி சாக்கை மடித்துக்கொண்டே அவளைப் பார்த்தார். "என்னத்தா, இன்னைக்கு ஆள் எடுக்கலையா?"

அப்போது செல்போன் அடித்தது. ஓட்டுநர் பாட்டை அலற விட்டிருந்தார். காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. வாணி எழுந்து நின்றாள். "அண்ணே, கம்பெனி போனு."

தவசி ஊதவேண்டிய விசிலை வாயிலிருந்து எடுத்தார். பாட்டு நின்றது. பேருந்து முழுக்கப் பேச்சு நின்றது. அவளிடம் ஏதாவதொரு காலையில் பதில் சொன்னவர்கள்தான் பாதிப் பேர்.

வாணி போனை ஸ்பீக்கரில் போட்டாள். வசுந்தராதான். வேலை அவளுக்கு என்றார். திங்கட்கிழமையே வர வேண்டும். சிராஜையும் எடுத்திருக்கிறோம், வித்யாஸ்ரீக்கு இந்தத் தடவை இல்லை, ஆனால் நன்றாகப் பேசினாள் என்றார். "இன்னும் ஒரே ஒரு கேள்வி. உனக்குக் காலை ஷிஃப்ட், ஏழு மணி. எழுமலையிலருந்து எப்படி வருவ?"

வாணி போனைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, மொத வண்டி எப்ப?" என்றாள்.

"நாலே முக்கா" என்று தவசியோடு சேர்ந்து நாலைந்து குரல்கள் சொல்லின.

"வந்துருவேன் மேடம்."

"அதுவும் அச்சு முறிஞ்சு நின்னுட்டா?"

வாணி வாயைத் திறப்பதற்குள் தவசி போன் பக்கம் குனிந்தார். "மேடம், நான் கண்டக்டர் பேசுறேன். வண்டி நின்னா எந்த வேன் வந்தாலும் மறிக்கிறோம். இந்த வாட்டி அந்தப் புள்ளையத்தான் மொத ஆளா ஏத்தி விடுவோம்."